விடுதலைப் பத்திரம்

என் ஆச்சியை அடக்கம் செய்த அன்று ஆலயத்தில் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் வயதான பெண் இறந்தால் அதைத்தான் வாசிப்பார்கள். நல்ல மனைவி எப்படி இருப்பாள் என்று சொல்கிற பகுதி அது. இருட்டோடு எழுந்து வீட்டாருக்கு உணவு கொடுப்பாள், அவள் கை சும்மா இருக்காது, ஏழைக்கு இரங்குவாள், இரவில் அவள் விளக்கு அணையாது. ஐயர் ஒவ்வொன்றாக எடுத்து ஆச்சியோடு பொருத்தினார். பொருந்தத்தான் செய்தது. விடியற்காலை நாலரைக்கு எழுந்தவள். கை சும்மா இராதவள். வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதவள். கூட்டம் அழுதது. நானும் அழுதேன்.

ஆனால் அந்த அதிகாரத்தில் இன்னொரு வசனம் இருக்கிறது. அந்தப் பெண் ஒரு வயலைப் பார்த்து, யோசித்து, அதை வாங்குகிறாள். தன் கை வருமானத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள். ஐயர் அதை வாசித்தார், விளக்கவில்லை. கடைசி வசனம் அவளுடைய கைகளின் பலனை அவளுக்கே கொடுங்கள் என்று கேட்கிறது. அதையும் வாசித்தார். அதையும் விளக்கவில்லை. முன்வரிசையில் இரண்டு மாமாக்களும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இது 2014இல் நடந்தது. இத்தனை ஆண்டுகளாக அந்த இரண்டு வசனங்களும் எனக்குள் கிடந்து உறுத்துகின்றன. ஆச்சியைப் பற்றி எழுது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எழுதினால் புகழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பது அவர்களது எதிர்பார்ப்பு. புகழ்ந்து எழுத எனக்கு விருப்பமில்லை. புகழ்ச்சியால்தான் அவளை ஏமாற்றினார்கள்.

ஆச்சி பிறந்தது 1930இல். மெய்ஞ்ஞானபுரத்துக் கோபுரம் தூரத்தில் தெரிகிற ஒரு தேரிக்காட்டு ஊர். செம்மணல், பனை, கருப்பட்டிக் காய்ச்சும் விடிலிகள். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த வட்டாரத்தில் எந்த ஊரைச் சொன்னாலும் கதை மாறாது. பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்து 1950 முதல் 1988 வரை 38 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தினாள். நாலு பிள்ளைகள்: இரண்டு ஆண், இரண்டு பெண். தாத்தா கருப்பட்டி வியாபாரம் செய்தார் என்று வாழ்க்கைக் குறிப்பில் வாசித்தார்கள். செய்தார், உண்மைதான். நஷ்டப்பட்டார் என்பதும் உண்மை. வீடு ஓடியது ஆச்சியின் சம்பளத்தில்.

அந்தச் சம்பளத்தில் சீட்டுப் போட்டு, கழுத்துச் சங்கிலியை விற்று, 1968இல் ஒரு ஏக்கர் இருபது சென்ட் பனைவிளை வாங்கினாள். பத்திரம் தாத்தா பெயரில். ஏன் உங்க பேருல எழுதல ஆச்சி என்று கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை கேட்டேன். என்னை வினோதமாகப் பார்த்தாள். "ஆம்பள இருக்கும்போ பொம்பள பேருல எழுதுனா, அந்த மனுசனுக்குத் தலக்குனிவுல்லாட்டி?" என்றாள். நஷ்டப்பட்ட மனிதரின் தலை குனியாமல் இருக்க ஒரு ஏக்கர் இருபது சென்ட்.

அவளுடைய பக்தி வெறும் ஞாயிற்றுக்கிழமைப் பக்தி அல்ல. ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போடுவாள். வீட்டில் ஐந்து பேருக்குக் காணாத அரிசியானாலும் அந்தப் பிடி தவறாது. வாரக் கடைசியில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் அதைக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும். ஊருக்கு ஊர் கோயில் கூரையும், உபதேசியார் சம்பளமும், பள்ளிக்கூடத் திண்ணையும் இப்படிப் பெண்கள் பிடித்துப் போட்ட அரிசியில் உருவானவைதான். தங்கள் தட்டில் குறைத்துக்கொண்ட அரிசி என்று சொன்னால் இன்னும் சரி. கடைசியில் சாப்பிடுகிறவள் யார் என்பது நமக்குத் தெரியும். பிடி அரிசிக்குக் கணக்கு எழுதியது ஆச்சி. அந்தப் பணத்தை என்ன செய்வது என்று தீர்மானித்த கமிட்டியில், என் சிறு வயதில், ஒரு பெண்கூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

திருநெல்வேலிச் சபையின் தொடக்கமே ஒரு பெண்தான். குளோரிந்தா என்கிற விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்கிறாள் என்பதால் அவளுக்கு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டது. அவர் இறந்த பிறகு 1778இல்தான் கிடைத்தது. 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் இருக்கும் 40 பேரில் முதல் பெயர் அவளுடையது. பாளையங்கோட்டையில் 1785இல் பிரதிஷ்டையான கோயிலை அவள்தான் கட்டினாள். ஊர் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறது. உள்ளே வரத் தகுதியில்லை என்று நிறுத்தி வைக்கப்பட்டவள் கட்டிய கோயில்! ஆச்சிக்கு இந்தக் கதை அத்துப்படி. சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும், கோபம் வராது. கோபம் எனக்குத்தான் வரும்.

இப்போது 1996க்கு வருகிறேன். தாத்தா 1994இல் உயில் எழுதாமல் இறந்துபோனார். இரண்டு ஆண்டு கழித்துச் சின்ன மாமா வீடு கட்ட விளையில் பாதியை விற்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கும் சித்திக்கும் சொல்லி அனுப்பினார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வாடகைக் காரில் அழைத்துப் போனார்கள். நான் பதினேழு வயதில், துணைக்குப் போனேன். அம்மா கையெழுத்திட்டாள். சித்தி கையெழுத்திட்டாள். அவர்களுக்குப் பிறகு ஆச்சியும் இட்டாள். திரும்பும்போது பெண்மக்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பட்டுச்சேலையும் ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தார்கள். ஓட்டலில் பூரி சாப்பிட்டோம். எல்லாரும் சந்தோஷமாக இருந்த மாதிரிதான் எனக்கு நினைவு.

சட்டம் என்ன சொல்கிறது என்று நான் தெரிந்துகொண்டது பல ஆண்டுகள் கழித்து. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயிலில்லாமல் கணவன் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் பெண் பேதமில்லை. ஆச்சிக்கு மூன்றில் ஒன்று. நாலு பிள்ளைகளுக்கும் தலைக்கு ஆறில் ஒன்று. இதற்கு முந்தைய 1865ஆம் ஆண்டுச் சட்டமும் எங்கள் பகுதிக் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தியது. அதிலும் மகளுக்குச் சம பங்கு. தமிழ்நாட்டில் இந்துப் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை வந்தது 1989இல். அதற்கு 124 ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் பாட்டிமாருக்குச் சட்டம் இருந்தது. இருந்து என்ன? சட்டம் கொடுத்ததைக் கையெழுத்து எடுத்துக்கொண்டது.

தெற்கே திருவிதாங்கூரில் நிலைமை வேறு. அங்கே 1916ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்றது. மேரி ராய் தன் சொந்தச் சகோதரனுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் அதை வீழ்த்தினார். ஐயாயிரம் என்ற அந்த எண்ணை முதன்முதலாகப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தச் சட்டம் எங்கள் ஊருக்கு ஒருநாளும் பொருந்தியதில்லை. அது செத்தும் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தது. இருந்தும் என் அம்மாவின் கையில் 1996இல் வைக்கப்பட்டது அதே ஐயாயிரம்.

கையெழுத்திட்ட அந்தக் காகிதத்துக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? விடுதலைப் பத்திரம். நான் தமிழ் கற்பிக்கிறவள். விடுதலை என்ற சொல்லுக்காக இந்த மொழியில் எத்தனை கவிதைகள். நானே எத்தனை எழுதியிருக்கிறேன்! ஆனால் பெரும்பாலான பெண்கள் அரசாங்க முத்திரையோடு அந்தச் சொல்லைச் சந்திக்கிற ஒரே இடம் சார்பதிவாளர் அலுவலகம். அங்கே விடுதலையாவது பெண் அல்ல, சொத்து. அவளிடமிருந்து அது விடுதலையாகிறது. ஒவ்வோர் ஆண்டும் முதுகலை வகுப்பில் கேட்கிறேன்: உங்களில் எத்தனை பேருடைய அம்மா இப்படிக் கையெழுத்திட்டிருக்கிறார்? கைகள் உயரும். இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் என்று பார்க்காமல் உயரும். என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். சேலை, மிக்ஸி, ஒரு கிராம் கம்மல். ஒரு மாணவி, "எங்கம்மாவுக்கு ஒரு வேளைச் சாப்பாடு மேடம், மட்டன்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

கேட்டு வாங்கியிருக்கலாமே, படித்தவர்கள்தானே என்று சொல்வீர்கள். இங்கேதான் புகழ்ச்சி வேலை செய்கிறது. கையெழுத்து கேட்டு வருகிறவன் கத்தியோடு வருவதில்லை. நம்ம அக்கா மனசு யாருக்கு வரும் என்று சொல்லிக்கொண்டு வருகிறான். எங்க அம்மா ஜெபத்துல வளந்த குடும்பம் இது என்கிறான். புறநானூற்றில் மூதின்முல்லை என்று ஒரு துறை உண்டு. தந்தையையும் கணவனையும் போரில் இழந்தவள், எஞ்சிய ஒரே பாலகனையும் தலைசீவி, வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்புவாள். புலவர் வியந்து பாடுவார். பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார் என்கிற பெண்தான் என்பதை வகுப்பில் சொல்லும்போது என் நாக்கு கொஞ்சம் தடுமாறும். ஒரு பெண்ணிடமிருந்து கடைசியாக இருப்பதையும் வாங்க வேண்டுமானால் முதலில் அவளைப் பாட வேண்டும். அரசனுக்கு அது தெரிந்திருந்தது. மாமாக்களுக்கும் தெரிந்திருந்தது.

என் பெண்ணியத் தோழிகளோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. மதம்தான் உங்க பாட்டியை முடமாக்கியது என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் எனக்கு விளக்கினார். அவர் ஆச்சியைப் பார்த்ததில்லை. ஆச்சியின் தங்கையைக் கணவன் அடித்துத் துரத்தியபோது, நடு ராத்திரியில் மாட்டு வண்டி பிடித்துப் போய்க் கூட்டி வந்தவள் ஆச்சி. கிறிஸ்தவ மனைவி விவாகரத்து கேட்டால் கணவனின் விபசாரத்தை நிரூபிப்பது மட்டும் போதாது, கூடவே கொடுமையையோ கைவிட்டதையோ நிரூபிக்க வேண்டும், கணவனுக்கோ விபசாரம் ஒன்றே போதும் என்று 1869ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்த காலம். 2001 வரை அப்படித்தான். சபையார் சமாதானம் பேச வந்தபோது ஆச்சி வாசலை விட்டு நகரவில்லையாம். "ஏசு கிணத்தடியில அஞ்சு புருசன் வச்சிருந்தவகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சாரு. எந்தங்கச்சி ஒண்ணு விட்டு வந்ததுக்கு நீங்க கமிட்டி கூட்டுதீயளோ?" என்று கேட்டிருக்கிறாள். அந்தத் துணிவை அவளுக்கு வேறு எந்தப் புத்தகமும் தரவில்லை. சின்னாச்சி நாற்பது ஆண்டுகள் அந்த வீட்டிலேயே இருந்து, அங்கேயே இறந்தாள்.

அதே ஆச்சிதான் துணி வெளுக்க வந்த அம்மாளுக்குப் பின்வாசலில், தனித் தம்ளரில் காப்பி கொடுத்தாள். பெரிய வியாழன் இரவில் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை வாசித்து அழுவாள். மறுநாள் காலை அந்தத் தம்ளர் அதே கொல்லைச் சுவரில் கவிழ்ந்திருக்கும். இதை எழுதாமல் விட்டால் நானும் அடக்க ஆராதனைதான் நடத்துகிறேன் என்று ஆகிவிடும். நாங்கள் கேட்டால் "பழக்கம்" என்பாள். நிலத்தை எழுதிக் கொடுத்ததற்கும் அவள் சொன்ன காரணம் இதே சொல்தான்.

ஆம், அவள்தான் அம்மாவைக் கையெழுத்திடச் சொன்னாள். இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. காரில் ஏறுமுன் அம்மா தயங்கினாள். அப்பாவுக்கு அப்போது வேலை போயிருந்தது, எங்களுக்குப் பணம் தேவைப்பட்டது. ஆச்சி அம்மாவை அடுக்களைக்குள் கூப்பிட்டுச் சொன்னது எனக்குக் கேட்டது. "பொறந்த வீட்டு வாசல் தொறந்து கெடக்கணும்லா. நெலத்த வாங்கிக்கிட்டா வாசல அடச்சிருவானுவ." பேராசையோ பாரபட்சமோ இல்லை அதில். மகள்களுக்கு அவள் எழுதிய காப்பீடு அது. தவணையை அவர்கள் கட்டினார்கள். வாசல் திறந்தே இருந்ததா என்று கேட்டால், கிறிஸ்துமஸுக்குத் திறந்திருந்தது.

தன் பங்கையும் எழுதிக் கொடுத்த ஆச்சி அதன் பிறகு பதினெட்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தாள். ஒரு மாதம் பெரியவன் வீடு, ஒரு மாதம் சின்னவன் வீடு. முப்பதாம் தேதி சாயங்காலம் ஒரு துணிப்பை, வேதப்புத்தகம், பாமாலை, மாத்திரை டப்பா ஆகியவற்றோடு திண்ணையில் தயாராக உட்கார்ந்திருப்பாள். முப்பத்தொன்று உள்ள மாதங்களில் அந்த ஒரு நாள் யார் கணக்கு என்று மருமகள்களுக்குள் பேச்சு வரும். மாமிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் அவரவர் வீட்டில் கையெழுத்திட்டு வந்தவர்கள்தான். ஆச்சியின் பென்ஷன் மட்டும் எந்த மாதமும் இடம் தெரியாமல் தவிக்கவில்லை. அது போக வேண்டிய இடம் அதற்குத் தெரிந்திருந்தது.

2013இல் நந்தியாலில் புஷ்பலலிதா என்கிற பெண், தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் ஆனார். நான் செய்தித்தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். "அங்கியெல்லாம் போட்டிருக்காளே பிள்ள" என்றாள். பிறகு, "வீட்டுல சமையலுக்கு யாரு இருக்கா?" நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கேலியாகக் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அவள் வேதப்புத்தகம் என்னிடம் வந்தது. யாரும் கேட்காததால் வந்தது. பக்க ஓரங்களில் பென்சில் கோடுகள். எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயின் முன்னால் வந்து நிற்கிறார்கள்: எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லை, அதற்காக அவர் பெயர் அழிய வேண்டுமா, எங்களுக்குக் காணி கொடுங்கள் என்கிறார்கள். கடவுள் அவர்கள் கேட்டது நியாயம் என்கிறார். மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள். ஓய்வுநாள் பள்ளியில் இந்த ஐந்து பெயர்களையும் எங்களுக்கு மனப்பாடமாக்கியவள் ஆச்சி. யோபுவின் கடைசி அதிகாரத்தில் அவன் தன் மூன்று மகள்களுக்கும் சகோதரர்களோடு சொத்து கொடுக்கிறான். மகள்களின் பெயர்கள் இருக்கின்றன, மகன்களின் பெயர்கள் இல்லை. இந்த இரண்டு இடத்திலும் கோடு இருக்கும் என்று நம்பித் திறந்தேன். யோபுவில் இல்லை. எண்ணாகமத்தில் இருந்தது. ஆனால் அது ஐந்து பெயர்களுக்குக் கீழே போட்ட கோடு, பாடம் நடத்தப் போட்டதாகவும் இருக்கலாம். அதை வைத்து ஆச்சியை ஒரு ரகசியப் பெண்ணியவாதி ஆக்க நான் தயாரில்லை. அவள் வாசிக்கத் தெரிந்தவள். பத்திரத்தையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டாள்.

சென்ற ஆண்டு ஒரு செய்தி வந்தது. பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பதினாலு சென்ட் மனை ஆச்சி பெயரிலேயே இருக்கிறதாம். அவளுடைய அப்பா கொடுத்தது; எல்லாரும் மறந்துபோனது. நாலு பிள்ளைகள், தலைக்கு மூன்றரை சென்ட். சின்ன மாமா மகன் தட்டச்சு செய்த பத்திரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். நல்ல பையன், என் கையில் வளர்ந்தவன். பழமும் ஒரு சேலைப் பெட்டியும் கொண்டுவந்திருந்தான். சித்தி ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டாளாம்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. நான் ஒன்றும் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்து, காப்பி போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது, "எங்கண்ணாடிய எடுட்டி" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் வாசித்தாள். வரி வரியாக, விரல் வைத்து, பிள்ளைகள் வாசிப்பது போல. காப்பி ஆறிப்போனது. பிறகு ஓர் இடத்தில் விரலை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"எம்பேருக்கு நேரா மனப்பூர்வமான சம்மதத்தின்பேரில்னு போட்டிருக்கே. இத யாருகிட்ட கேட்டுப் போட்டீய?"

"எல்லாப் பத்திரத்துலயும் அப்படித்தான் அத்தை இருக்கும்."

"அதான் கேக்கேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் தம்ளரைப் பார்த்தேன். அம்மா காகிதத்தை நாலாக மடித்து ஆச்சியின் வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள், மீன் குழம்பு இருக்கிறது என்றாள். அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். சேலைப் பெட்டியை வாசல் வரை கொண்டுபோய் அவன் வண்டியில் மாட்டிவிட்டு வந்தாள்.

பத்திரம் இன்னும் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. சித்தி தினமும் போனில் அழுகிறாள். பெரிய மாமா பேசுவதில்லை. மனையை அளக்கச் சர்வேயருக்கு மனு எழுதித் தா என்று அம்மா என்னிடம் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, அடியில் கையெழுத்திட்டாள்.